மூன்றாம் நாள் எண்ணிக்கை

உட்காருங்கள் தம்பி, இடம் காலிதான். என் பெண் உட்கார்ந்திருந்தாள். தோல் டாக்டரிடம் காட்டுவதற்கு முன் கையைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று அடுத்த கட்டடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வர இருபது நிமிடமாவது ஆகும். போன தடவை இருபத்துமூன்று ஆனது.

உங்கள் டோக்கன் என்ன? அறுபத்தாறா. எங்களுக்கு அறுபத்தொன்று. இப்போது உள்ளே போயிருப்பது ஐம்பத்துநான்கு. நடுவில் ஆறு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். குழந்தை இருந்தால் ஏழு நிமிடம், அது அழும்.

கையில் என்ன, சிமெண்டா? விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறதே. கொத்து வேலையா? அப்படித்தான் நினைத்தேன். உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே. உங்கள் கை முரட்டுக் கை, அது வேலை கொடுத்தது. என் கையைத் தொட்டுப் பாருங்கள். சும்மா தொடுங்கள். நீங்களே சொல்லுங்கள், இது முரட்டுக் கையா?

இல்லை, இல்லையா? அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் முரட்டுக் கை என்று ஒருவர் சொன்னார். சொல்லி ஒரு வருடம், ஏழு மாதம் ஆகிறது.

என் பெயர் முனிரத்தினம். படித்தது எட்டாவது. ஒரு கம்பெனியில் லேப் அட்டெண்டர். முகத்துக்குப் போடுகிற கிரீம், தலைக்கு எண்ணெய், பவுடர் எல்லாம் செய்கிற கம்பெனி. இருபத்தாறு வருடம் ஆகிறது. இருபத்தாறு வருடம் நான்கு மாதம். முதல் இருபத்துநான்கு வருடம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். அப்புறம் ஆராய்ச்சிக்கென்று தனி ரூம் போட்டார்கள். அதற்கு டாக்டர் யாமினி என்று ஒரு மேடம் வந்தார்கள். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர். முப்பத்துமூன்று வயதுதான் இருக்கும். நல்லவர்கள். என்னை ரத்தினண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்ன முதல் ஆள் அவர்கள்தான்.

அந்த ரூமில் என்ன வேலை என்றால், தோலின் கருப்பைக் குறைக்கிற மருந்து கண்டுபிடிப்பது. நம் தோலுக்குள் கருப்பைச் செய்கிற செல் இருக்கிறது தம்பி. உங்களுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, வெள்ளைக்காரனுக்கும் இருக்கிறது. அது கருப்பைச் செய்து சுற்றியிருக்கிற செல்லுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கும். அந்த செல்லைக் கொஞ்சம் சோம்பேறியாக்கினால் போதும், தோல் வெளுக்கும். கொல்லக் கூடாது. சோம்பேறியாக்க வேண்டும். இதை மேடம் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

மேல் மாடியில் கெமிஸ்ட்ரிக்காரர்கள் விதவிதமாக மருந்து செய்து கீழே அனுப்புவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான், பெயர் கிடையாது. எங்களிடம் எலியின் தோலில் இருந்து எடுத்து வளர்க்கிற செல் இருந்தது. சிறிய தட்டில் வளரும். அதைச் சேர்த்து ஒரு குழாயில் போட்டுச் சுற்றினால் அடியில் கடுகு மாதிரி கருப்பாக ஒரு பொட்டு நிற்கும். மருந்து போட்ட தட்டில் அந்தப் பொட்டு வெளுத்து வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

என் வேலை எண்ணுவது. எண்ணுவது என்றால் சும்மா இல்லை. கோடு போட்ட ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். அதில் ஒரு சொட்டு. கட்டம் கட்டமாகத் தெரியும். கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற செல்லை என்ன செய்வது? மேல் கோடும் இடது கோடும் சேர்த்தி. கீழ்க் கோடும் வலது கோடும் சேர்த்தி இல்லை. இல்லையென்றால் ஒரே ஆளை இரண்டு வீட்டு ரேஷன் கார்டில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். கூடவே ஒரு நீலச் சாயம் விடுவோம். உயிரோடு இருக்கிற செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, பளிச்சென்று இருக்கும். செத்தது நீலமாகிவிடும். என் இடது கையில் ஒரு எண்ணும் மிஷின், வலது கையில் ஒன்று. வலது கை உயிருக்கு. இடது கை சாவுக்கு. மேடம் ஒரு தடவை எண்ணி, நான் ஒரு தடவை எண்ணி, இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "நீங்க சொன்னா சரியா இருக்கும் ரத்தினண்ணா" என்றார்கள். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஐம்பத்தைந்து போகிறது பாருங்கள். அந்தப் பெரியவர்.

முதலில் வாரத்துக்கு நான்கு மருந்து பார்த்தோம். முதல் நாள் ஒவ்வொரு தட்டிலும் ஐம்பதாயிரம் செல் எண்ணிப் போடுவேன். மூன்றாம் நாள் எடுத்து மறுபடி எண்ணுவேன். அதற்கப்புறம் கருப்பை அளக்கிற மிஷினுக்குப் போகும். அப்போது டைரக்டர் வந்து, நான்கு போதாது, வாரத்துக்குப் பன்னிரண்டு வேண்டும் என்றார். மேடம் பாவம், இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ரத்தினண்ணா, முதல் நாள் எல்லாத் தட்டுலயும் ஒரே அளவுதானே போடறோம்?"

"ஆமா மேடம். ஐம்பதாயிரம்."

"அப்ப மூணாம் நாள் எண்ண வேண்டாம். அதை விட்டுடலாம். அதுலயே பாதி நாள் போகுது."

சரி என்றேன். மேடம் சொன்னால் சரிதானே. ஆனால் தம்பி, எண்ணாமல் ஒரு தட்டைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. வீட்டில் அரிசி களைந்தால்கூட எத்தனை ஆழாக்கு என்று பார்த்துத்தான் போடுவேன். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து எண்ணினேன். ஒரு சொட்டுதான், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கினேன். எண்பது பக்க நோட்டு. உயிரைக் கருப்புப் பேனாவில் எழுதினேன், சாவை நீலப் பேனாவில். அந்த ரூமில் இருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நானும் போட்டிருக்கிறேன். மீறினால் வேலை போய்விடும். அதனால் நோட்டைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

நாற்பத்தொன்றாம் நம்பர் வந்தது ஒரு ஆடி மாதம். மூன்றாம் நாள் குழாயைச் சுற்றினால் அடியில் பொட்டு கருப்பாக இல்லை. வெந்தயம் மாதிரி இருந்தது. எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். மிஷினில் போட்டால் நூறு இருக்க வேண்டிய கருப்பு நாற்பதுதான். அதுவரை நாற்பது மருந்து பார்த்திருந்தோம், எழுபதுக்குக் கீழே ஒன்றும் இறங்கியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நான் எண்ணினேன். மருந்து போடாத தட்டில் செல் பெருகி இரண்டு லட்சம். நாற்பத்தொன்று போட்ட தட்டில் எழுபத்தெட்டாயிரம். மிச்சமெல்லாம் நீலம்.

புரியவில்லையா? உங்கள் வேலையிலேயே சொல்கிறேன். பத்துக் கொத்தனார் ஒரு நாளில் நூறு அடி சுவர் எழுப்புகிறார்கள். மறுநாள் பார்த்தால் நாற்பது அடிதான் எழும்பியிருக்கிறது. மேஸ்திரி தூரத்தில் நின்று, ஆட்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்கிறார். நீங்கள் கிட்டப் போய் எண்ணுகிறீர்கள். நான்கு பேர்தான் நிற்கிறார்கள். ஆறு பேர் செத்துக் கிடக்கிறார்கள். நிற்கிற நான்கு பேரும் தினம் கட்டுகிற அளவு கட்டித்தான் இருக்கிறார்கள். அவ்வளவுதான். நாற்பத்தொன்று யாரையும் சோம்பேறியாக்கவில்லை. கொன்றது. எனக்கு எட்டாவதுதான், ஆனால் வகுத்தல் தெரியும்.

சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். சொன்னேன். அதுதான் இந்தக் கதையே.

மறுநாள் காலை மேடம் கம்ப்யூட்டரில் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஜூனியர் பையன், விக்னேஷ்வர் என்று பெயர். நான் கதவோரம் நின்றேன். நான் யாரிடமும் நீட்டிப் பேசுகிற ஆள் இல்லை. இன்றைக்கு உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் என்றால் நீங்கள் தெரியாத ஆள், அதனால்தான். மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னேன்.

"மேடம், நாற்பத்தொண்ணு தட்டு கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கற மாதிரி இருக்கு."

அவர்கள் திரும்பவே இல்லை. "கழுவும்போது போயிருக்கும் ரத்தினண்ணா. கை முரடாப் பட்டா செல் பேந்து வந்துரும்ல? கொஞ்சம் மெதுவாக் கழுவுங்க."

அந்தப் பையன் சிரித்தான். "அண்ணன் வீட்ல ஜமுக்காளம் அலசற ஞாபகத்துல அலசிட்டாரு மேடம்."

மேடமும் சிரித்தார்கள்.

தம்பி, இருபத்துநான்கு வருடம் கண்ணாடி கழுவியிருக்கிறேன். உடைந்தது மொத்தம் நான்கு. அதில் ஒன்று பூனை தள்ளியது. என் கை முரடா?

அன்றைக்கே முடிவு செய்தேன். மீதி இருந்த செல்லை வளர்த்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் மருந்து இல்லை, ஒன்றில் நாற்பத்தொன்று. ஒரே கை, ஒரே தண்ணீர், ஒரே மாதிரி கழுவினேன், குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி. மருந்து இல்லாத தட்டில் செல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றில் உதிர்ந்தது. என் கை முரடென்றால் இரண்டிலும் அல்லவா உதிர வேண்டும்? மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே. நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது. யார் பார்த்தாலும் என் கைமேல் குற்றம் சொல்ல முடியாது.

காட்டியிருக்கலாம். ஒரு நாள் சட்டைக்குள் நோட்டை வைத்துக்கொண்டு போகவும் போனேன். உள்ளே டைரக்டர் மைசூர்பாகு டப்பாவோடு நிற்கிறார். மேடம் என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, எல்லாம் ரத்தினண்ணா கை ராசி சார்" என்றார்கள். முந்தின வாரம் முரட்டுக் கை. இந்த வாரம் ராசிக் கை. டைரக்டர் என் கையில் இரண்டு துண்டு வைத்தார். இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டை எப்படி எடுப்பது? வந்துவிட்டேன். தவிர, நானாகப் போய் ஏன் சொல்ல வேண்டும்? எண்ண வேண்டாம் என்றது அவர்கள். கை முரடு என்றது அவர்கள். அவர்களாகக் கேட்கட்டும், எடுத்துக் காட்டுகிறேன் என்று இருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டா கூப்பிட்டார்கள்? பேச்சில் நடுவில் இரண்டை விட்டுவிட்டேன். நான் விடுகிற ஆள் இல்லை.

அப்புறம் வேறு சோதனையெல்லாம் நடந்தது. எரிச்சல் வருகிறதா, தடிப்பு வருகிறதா, புண் வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை. நாற்பத்தொன்று எரிக்காது தம்பி, அரிக்காது. சத்தம் போடாமல் செய்கிற வேலை அது. அதனால் மனுஷர் கையில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இருபத்துநான்கு பெண்கள். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஆறு கட்டம் வரைவார்கள். ஐந்து கட்டத்தில் நாற்பத்தொன்று, அளவு ஏற ஏற. ஒரு கட்டத்தில் மருந்தே இல்லாத வெறும் களிம்பு. எது வெறும் களிம்பு என்று போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது, போட்டுவிடுகிறவர்களுக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியும், ஏனென்றால் குப்பியில் நிரப்பி லேபிள் ஒட்டுகிறவன் நான். இருபத்துநான்கு பேருக்கு ஆறு ஆறாக, நூற்று நாற்பத்துநான்கு குப்பி.

தொண்ணூற்று ஏழாவது குப்பியை எடுக்கிறேன், பதினேழாம் ஆளின் முதல் குப்பி. லிஸ்டில் பெயரைப் பார்க்கிறேன். மு. தமயந்தி, வயது இருபத்தாறு.

என் பெண்.

ஊழியர் வீட்டுப் பெண்கள் விரும்பினால் வரலாம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். எங்கள் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் அம்மா மூலமாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மா இறந்து ஒன்பது வருடம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் கேட்டேன்.

"எதுக்கு தமயந்தி உனக்கு இது? வெளுக்கணும்னு ஆசையா?"

"எனக்கு என் கலர் போதும்பா. உங்க கம்பெனி மருந்து, அதான். சூப்பர்வைசர் அக்கா பயமா இருக்கான்னு கேட்டாங்க. எங்க அப்பா எண்ணிப் பாத்த மருந்து, எனக்கு என்ன பயம்னு சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள்.

என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் நோட்டு வெளியே வரும். நோட்டு வந்தால் வேலை போகும். அதோடு, இத்தனை நாள் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா என்று கேட்பாள். நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். எலி வேறு, மனுஷர் வேறு. தட்டு வேறு, தோல் வேறு. களிம்பில் மருந்து மிகவும் குறைவு.

ஒரு வழி இருந்தது. உங்களிடம் மறைப்பானேன். அந்த ஆறு குப்பியிலும் வெறும் களிம்பையே நிரப்பியிருக்கலாம். நிரப்புகிறவன் நான்தானே, யாருக்கும் தெரிந்திருக்காது. கை அது வரைக்கும் போனது. ஆனால் பதினேழாம் ஆளின் கணக்கு பொய்யாகிவிடும் தம்பி. இருபத்துநான்கில் ஒன்று பொய் என்றால் மொத்தமும் பொய். என் கையால் அப்படி ஒன்று செய்ததில்லை. லிஸ்டில் இருந்தபடியே நிரப்பி ஒட்டினேன். பதினேழாம் ஆளுக்கு ஆறாவது கட்டம் வெறும் களிம்பு.

நான்கு வாரம் தினம் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். போட்டபின் ஆறு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தவள், "ஐயோ, பட்டுருச்சுப்பா" என்று கையைக் காட்டினாள். பார்த்தேன். ஆறாவதில் மட்டும்தான் நுரை பட்டிருந்தது. வாய் தவறிச் சொன்னேன்.

"ஆறாவதுதானே, பரவால்ல. அதுல எவ்வளவு பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"ஏன், ஆறாவது மட்டும் உங்க மருமகனா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

நான்காவது வாரம் எல்லாரும் சந்தோஷம். கட்டங்கள் அழகாக வெளுத்திருந்தன. மேடம்கூட, அவர்களும் நம் நிறம்தான், "எனக்கே ஒரு டப்பா எடுத்து வைக்கணும் போலிருக்கே" என்றார்கள். ஆறாவது வாரம் கட்டங்கள் வெளுப்பைத் தாண்டின. அதற்கு வெள்ளை என்றுதான் பெயர், சுண்ணாம்பு வெள்ளை. களிம்பை நிறுத்தியும் நிறம் திரும்பவில்லை. பத்தாவது வாரம் கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. இருபத்துநான்கு பேரில் ஏழு பேருக்கு இப்படி. பதினேழையும் சேர்த்து ஏழு.

கம்பெனியில், உங்கள் உடம்பு வாகு, தானாகச் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வேலையையே மூடிவிட்டார்கள். ரூமில் இப்போது ஷாம்பு நுரை அளக்கிறார்கள்.

தமயந்தி ஒரு பெரிய ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி கவுண்டரில் இருந்தாள். துணியை விரித்துக் கைமேல் போட்டுக் காட்ட வேண்டும். இந்தக் கையைப் பார்த்து ஒரு அம்மா துணியைத் தொடாமலே பின்னால் நகர்ந்திருக்கிறாள். மறுநாள் தமயந்தியைக் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. நாளெல்லாம் பண்டல் எண்ணுகிறாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணுகிறாள். வீட்டுக்கு வந்தால் பேசுவது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் கடைக் கதை ஒரு மணி நேரம் சொல்வாள்.

மேடம் வேலையை விட்டுப் போனார்கள். போகிற அன்று நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரத்தினண்ணா, நாற்பத்தொண்ணு மூணாம் நாள் எண்ணிக்கை ஏதாவது எங்கேயாவது இருக்கா? நீங்க எண்ணாம விட்டிருக்க மாட்டீங்களேன்னு ஒரு நினைப்பு. இருந்தா சொல்லுங்க. என் பேருக்கு என்ன வந்தாலும் வரட்டும்."

இல்லை மேடம், நீங்கள்தானே எண்ண வேண்டாம் என்றீர்கள் என்று சொன்னேன்.

அவர்கள் கேட்டார்கள்தான். நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. யாரும் கேட்கவில்லை என்று சொன்னேனே என்றுதானே? அது வேறு தம்பி. கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, கை முரடு என்று சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சட்டைக்குள்ளிருந்து எடுத்திருப்பேன். அன்றைக்கும் நோட்டு உள்ளேதான் இருந்தது.

இங்கே வர ஆரம்பித்து நான்கு மாதம். வாரத்துக்கு இரண்டு நாள் கையில் ஏதோ வெளிச்சம் காட்டுகிறார்கள். முப்பத்துநான்கு தடவை ஆகிவிட்டது, ஒரு தடவைகூட விடவில்லை. நான்தான் கூட வருகிறேன். போன வாரம் இந்த டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"இங்க பாருங்கம்மா, அந்த மருந்து கருப்பு செய்யற செல்லைத் தூங்க வச்சிருக்கா, கொன்னுருக்கா, அதுதான் எனக்குத் தெரியணும். தூங்கினா வெளிச்சத்துல எழுப்பிரலாம். செத்திருந்தா இது வீண் வேலை, நல்ல இடத்துத் தோலை எடுத்து வைக்கணும். பரவிக்கிட்டே இருக்கு, நாள் கடத்த முடியாது. கம்பெனியில எழுதி வாங்கிட்டு வாங்க."

கம்பெனியில் கேட்டாள். விவரம் வெளியே தருவதற்கில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூன்று வரி. அதைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

ஆமாம். எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு தடவையும் தெரிந்துதான் கூட வந்தேன். இதோ இந்தப் பையில் இருக்கிறது நோட்டு, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில். நாற்பத்தொன்றாம் நம்பர் முப்பத்தாறாவது பக்கத்தில் ஆரம்பிக்கிறது. வீட்டில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூடவே எடுத்து வருகிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் பார்க்க என்றால், அவள்தான்.

இன்று காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்து வெள்ளை. ஆறாவது அப்படியே, அவளுடைய சொந்த நிறத்தில். பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, ஆறாவதுல ஒண்ணும் ஆகாதுன்னு அன்னைக்கு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள். நான் சில்லறை தேடுகிற மாதிரி பைக்குள் கையை விட்டேன். டிக்கெட் முன்பே வாங்கியாகிவிட்டது. அவளுக்கும் அது தெரியும். அப்புறம் ஸ்டாப் வந்துவிட்டது.

இறங்கியதும் டோக்கன் வாங்க முன்னால் நடந்தாள். என் பையைப் பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டு தடவை பார்த்தாள்.

அறுபது உள்ளே போய்விட்டது. அதோ, வராந்தாவில் வருகிறாள் பாருங்கள், பச்சைச் சட்டை. பதினெட்டு நிமிடத்தில் வந்துவிட்டாள்.

தம்பி, ஒரு உதவி. உங்களுக்கு இன்னும் கால் மணிக்கு மேல் ஆகும். இந்த நோட்டை ஐந்து நிமிடம் உங்களிடம் வைத்திருங்கள். திறந்து பார்க்க வேண்டாம். நாங்கள் உள்ளே போய்விட்டு வந்ததும் வாங்கிக்கொள்கிறேன். பிடியுங்கள்.

ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? புண்ணில் பட்டுவிட்டதா? மெதுவாகத்தானே நீட்டினேன். முரடாகவா நீட்டினேன்?

சரி, வேண்டாம். வேண்டாம் என்றால் விடுங்கள்.

"அப்பா, அறுபத்தொண்ணு கூப்பிடறாங்க. நீங்களும் உள்ள வாங்க. பையை எடுத்துக்கிட்டு வாங்க."

கேட்டீர்களா? முப்பத்துநான்கு தடவையும், பையை இங்கேயே வைத்துவிட்டு உட்காருங்கள் என்று சொன்னவள்.

நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். யாராவது கேட்கட்டும் என்றுதான் நான் இருந்தேன். காலையில் கேட்டுவிட்டாள்.

அந்த மூடியைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், உங்கள் காலடியில்தான் விழுந்திருக்கிறது. பாட்டில் மூடி. தண்ணீர் இதில்தான் இருக்கிறது. வெயிலில் அடுத்த கட்டடம் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள் அல்லவா, தாகமாக இருக்கும். அதற்காகத்தான் பையைக் கொண்டுவரச் சொல்கிறாள்.